ஏட்டிலுள்ள நெறியும் நாற்காலியருகில் நிற்கும் கையும்

தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு மேற்கே முடிச்சூர் சாலையில் நடந்தாலும், கிழக்கே வேளச்சேரி சாலையில் நடந்தாலும், ஒரு மருந்துக் கடையின் மாடியிலோ அடகுக் கடையின் பக்கத்திலோ பல் மருத்துவ நிலையத்தின் பெயர்ப் பலகை ஒன்று கண்ணில் படாமல் அதிக தூரம் செல்ல முடியாது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, வண்டலூரை அடுத்த இரத்தினமங்கலத்தில் தாகூர், பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, கடற்கரைச் சாலையில் உத்தண்டியிலே ராகாஸ் என்று தென்சென்னைப் புறநகரைச் சுற்றிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் அமைந்திருக்க, அவற்றில் படித்து வெளிவரும் இளம் வைத்தியர்களில் பலர் அதே வட்டாரத்தில் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் மாடம்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் வாடகைக்கு இரண்டு அறை பிடித்து ஒரு நாற்காலியைப் போட்டுத் தொழில் தொடங்கிவிடுகிறார்கள். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு கிளையாக அரசாங்கப் பல் மருத்துவக் கல்வி இங்கே ஆரம்பமான காலத்தையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு, வைத்தியர் கிடைப்பதில் ஏற்பட்டிருக்கும் மாறுதல் பிரமிப்பூட்டுவதாகவே இருக்கும்.

ஆனால் வைத்தியர் கிடைப்பது வேறு, சாஸ்திரம் அறுதியிட்ட சிகிச்சை கிடைப்பது வேறு. உலகின் பல பாகங்களிலும் நிபுணர் குழுக்கள் கூடி, நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்து, இன்ன வியாதிக்கு இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று வெளியிடுகின்ற வழிகாட்டு நெறிகள், மாலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடும் ஒரு புறநகர்ப் பல் மருத்துவ நிலையத்துக்குள் எவ்வாறு நுழைகின்றன, நுழைந்தபின் அவற்றின் கதி என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். இதில் எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நெறி எழுதப்படுவது வைத்தியரின் பெயருக்கு. அது நிறைவேறுவதோ தவறுவதோ பெரும்பாலும் அவரைச் சுற்றி நிற்பவர்களால், அதிலும் முக்கியமாக, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத உதவியாளரின் கைகளால்.

வழிகாட்டு நெறி என்பது சட்டமும் அன்று, பாடப்புத்தகமும் அன்று. பிரிட்டிஷ் வைத்தியர் ஆர்ச்சி காக்ரேன் 1972-ல் எழுதிய சிறு நூலொன்றில், வைத்தியர்கள் வழக்கமாகச் செய்துவருகிற அநேகக் காரியங்களுக்குப் பலன் உண்டென்பதற்கு ஆதாரமே இல்லை என்று வெட்டவெளிச்சமாகச் சொன்னபிறகு, ஆதாரத்தைத் திரட்டித் தரம் பிரித்து வைக்கும் ஓர் இயக்கமே தோன்றிற்று. 1990-ல் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழுவொன்று இந்நெறிகளுக்கு இலக்கணம் வகுத்தது. ஸ்காட்லாந்தில் 1993-லும், இங்கிலாந்தில் 1999-ல் 'நைஸ்' என்ற பெயரிலும் இதற்கென நிரந்தர ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. பல் வைத்தியத்துக்கு மட்டுமே தனியாக ஒரு திட்டத்தை ஸ்காட்லாந்து 2004-ல் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டப்படி அமைந்த கவுன்சில் கல்லூரிகளையும் பதிவேட்டையும் கவனித்து வந்தது; அதற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையம் அமைக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. எனினும் சிகிச்சை நெறிகளை இடைவிடாமல் வகுத்தும் திருத்தியும் வெளியிடும் பழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே நம் வைத்தியருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிகாகோவிலும் லண்டனிலும் டண்டீயிலும் எழுதப்பட்டவையே.

அவை வந்து சேரும் வழிகளைப் பார்த்தால், கல்லூரியில் பேராசிரியர் சொன்னது, முதுநிலைப் படிப்பில் மூத்தவர் கைப்பழக்கமாகக் காட்டிக்கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் கேட்டது, வாட்ஸப் குழுவில் நண்பர் அனுப்பியது, கடைசியாக, மாலை நேரத்தில் தோளில் பையோடு வந்து காத்திருக்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி மேசையில் வைத்துவிட்டுப் போன வண்ணத் தாள் என்று ஐந்தாறு வாய்க்கால்கள் தென்படும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகவும் ஒழுங்காக ஓடுகிறது என்பது வருத்தத்துக்குரிய உண்மை. பேராசிரியரை வைத்தியர் பட்டம் பெற்றபின் அதிகம் சந்திப்பதில்லை. பிரதிநிதியோ மாதம் தவறாமல் வந்து போகிறார்.

இனி உதாரணங்களுக்கு வருவோம். பல்வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது பற்றிய நெறியைப் போல இந்த விஷயத்தை விளக்குவது வேறொன்றுமில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019 நவம்பரில் வெளியிட்ட நெறி, மற்றபடி ஆரோக்கியமாக உள்ள ஒருவருக்குப் பல்லின் உட்கூழ் அழன்று வலித்தாலும், வேர்நுனியில் சீழ் கட்டி அவ்விடத்தோடு நின்றிருந்தாலும், பல்லைத் திறந்து சுத்தம் செய்யவோ பிடுங்கவோ வசதி இருக்கும்போது ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றும், காய்ச்சலும் உடல் அசதியும் கண்டு தொற்று உடம்பில் பரவும் அறிகுறி இருந்தால்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதன் காரணம் எளிமையானது. மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். சொத்தை ஆழமாகி உட்கூழ் செத்துப்போன பல்லுக்குள்ளே இரத்த ஓட்டமே இல்லை. ஆகவே எத்தனை மாத்திரை விழுங்கினாலும் கிருமி குடியிருக்கும் அறைக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. உட்கூழ் உயிரோடு இருந்து அழன்று வலிக்கும் நிலையிலோ, அந்த வலிக்குக் காரணம் ஆன்டிபயாடிக் தணிக்கக்கூடிய ஒன்றே அன்று. இதைப் பல் மருத்துவ மாணவர் எவரும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதிவிடுவார்.

பரீட்சை முடிந்து, மேற்குத் தாம்பரத்தில் ஓர் இரவு எட்டரை மணிக்கு நடக்கும் சம்பாஷணை வேறு விதமாக இருக்கிறது.

"டாக்டர், இப்போ பல்லுல எதுவும் பண்ண வேணாம். காலையில ஆறே முக்கால் வண்டியைப் பிடிச்சாகணும். போன தடவை குடுத்தீங்களே, அந்த மாத்திரையே எழுதிக் குடுத்துடுங்க."

"மாத்திரையில அடங்காது சார். பல்லைத் திறந்து விட்டாத்தான் வலி நிக்கும். அரை மணி நேரந்தான், மரத்துப்போக ஊசி போட்டுட்டு இன்னைக்கே பண்ணிடலாம்."

"எவ்வளவு ஆகும்?"

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் நெறியின் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது. வேர் சிகிச்சைக்கும் அதன்மேல் போடும் கேப்புக்கும் ஆகும் செலவைக் கேட்டதும் நோயாளி எழுந்துவிடுகிறார். வைத்தியர் மாத்திரை எழுத மறுத்தால், கீழே இருக்கும் மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டியோ, காட்டாமலோ, அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கிக்கொள்கிறார்; அல்லது அடுத்த தெருவிலுள்ள வேறொரு வைத்தியரிடம் போகிறார். வைத்தியருக்கோ நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் வாங்கிய கடன் தவணை இருக்கிறது. இரண்டு நாளில் வலி தானாகத் தணிந்துவிட்டால், அது உட்கூழ் செத்துப்போனதன் அடையாளமே என்றாலும், மாத்திரைதான் கேட்டது என்று இருவருமே நம்பிக்கொள்கிறார்கள். தவறான சிகிச்சைக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் போன்ற ஒரு தோற்றம் கிடைத்துவிடுகிறது. அடுத்த முறை அந்த நோயாளியிடம் நெறியை எடுத்துச் சொல்வது இன்னும் கடினமாகிறது.

இத்துடன் மருந்தின் தேர்விலும் ஒரு விபரீதம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆன்டிபயாடிக் கையேடு, வாய்த் தொற்றுகளில் மருந்து உண்மையில் தேவைப்படும்போது பென்சிலின் வகையிலுள்ள சாதாரண மருந்துகளே போதுமென்று கூற, நம் நாட்டில் பல்வலிக்கு ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை தாராளமாக எழுதப்படுகிறது. எந்த வெளிநாட்டு நெறியிலும் பல்வலிக்கென்று காணக்கிடைக்காத இக்கலவை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மேலே சொன்ன வாய்க்கால்களில் எது ஒழுங்காக ஓடுகிறது என்பது விளங்கும். ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமிகள் பணியாமற்போகும் அபாயத்தைக் குறித்து நாட்டுக்கே ஒரு செயல்திட்டத்தை இந்திய வைத்தியர் சங்கங்கள் 2012 ஆகஸ்டில் கூடி வகுத்தது இதே சென்னையில்தான்; 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயரோடு அது உலகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. ஊரின் பெயர் பிரகடனத்தில் ஏறிற்று. பிரகடனம் ஊரின் மருந்துக் கடைகளுக்குள் எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதை வாசகர்கள் தங்கள் தெருக் கோடியிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம்.

வைத்தியர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. செல்வமும் அரசாங்கக் காப்பும் உள்ள ஸ்காட்லாந்திலேயே நெறியை அச்சிட்டு அனுப்புவதால் மட்டும் கைப்பழக்கம் மாறுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். அங்கே நடத்திய ஒரு பரிசோதனையில், குழந்தைகளின் கடைவாய்ப் பற்களிலுள்ள பள்ளங்களைச் சொத்தை விழாதபடி பூசி மூடும் சிகிச்சையைப் பற்றி ஒரு சாரார்க்குப் பாடம் நடத்தினார்கள். மற்றொரு சாரார்க்கு அச்சிகிச்சைக்கென்று தனிக் கட்டணம் கொடுத்தார்கள். 2008-ல் வெளிவந்த அதன் முடிவு, கட்டணம் பெற்றவர்கள் அதிகம் பூசினார்கள், பாடம் கேட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதலில்லை என்பதாகும். தர்மசாஸ்திரம் கற்றவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். எனக்கு இது நேர்மையான முடிவாகப் படுகிறது. அதே நாட்டில் 2016-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 795 பல் மருத்துவ நிலையங்களை எடுத்துக்கொண்டு, வைத்தியர் ஒவ்வொருவருக்கும் அவரே எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டுகளின் அளவை ஒரு படமாக வரைந்து அனுப்பி வைத்தார்கள்; அதைப் பெற்றவர்களின் மருந்தெழுதும் அளவு, பெறாதவர்களைக் காட்டிலும் 5.7 சதவீதம் குறைந்தது. உபதேசத்தைவிட, தன் கணக்கைத் தானே பார்ப்பது மனிதனை அசைக்கிறது. நம் புறநகரில் அப்படி ஒரு படம் வரைய எவராலும் இயலாது. ஏனெனில் எழுதப்பட்ட சீட்டுகளின் நகல் எங்கேயும் சேர்வதில்லை.

நெறி சரியாக வந்து சேர்ந்தும், அது நம் நோயாளியின் உடம்புக்குப் பொருந்தாமற்போகும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. பல்லைப் பிடுங்கும்போதும் ஈற்றுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்யும்போதும் வாயிலுள்ள கிருமிகள் சற்று நேரம் இரத்தத்தில் கலக்கின்றன. இருதய வால்வு பழுதுபட்டவர்களுக்கு அவை அங்கே தங்கி உயிருக்கே ஆபத்தான அழற்சியை உண்டாக்கலாம். ஆகவே இவ்விதச் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பாக 2 கிராம் அமாக்ஸிசிலின் கொடுப்பது நீண்ட கால சம்பிரதாயம். பல் துலக்குவதாலும் மெல்லுவதாலும் தினந்தோறும் இதே போல் கிருமிகள் இரத்தத்தில் புகுகின்றன என்பதை எடுத்துக்காட்டி, அமெரிக்க இருதயச் சங்கம் 2007-ல், செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்பே அவ்வழற்சி கண்டவர்கள், சில வகைப் பிறவி இருதயக் கோளாறு உள்ளவர்கள் முதலிய மிக அபாயமான சிலருக்கு மட்டும் இம்மருந்து போதுமென்று சுருக்கிவிட்டது. இங்கிலாந்தின் நைஸ் 2008-ல் இன்னும் ஒரு படி மேலே போய், எவருக்குமே வேண்டாம் என்றது; எட்டு ஆண்டு கழித்து அந்த வாசகத்தில் 'வழக்கமாக' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, வைத்தியரின் விவேகத்துக்குச் சிறிது இடம் விட்டது.

இச்சுருக்கத்தில் விடுபட்டுப் போனவர்கள் யார்? சிறு வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் கண்டு, அதன் பின்விளைவாக வால்வு கெட்டுப்போன வாதசுர இருதய நோயாளிகள். அமெரிக்காவில் அவர்கள் அருகிவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா தன் பூர்வகுடிகளிடையே இந்நோய் மிகுந்திருப்பதை உத்தேசித்து, அவர்களைத் தன் நெறியில் விடாமல் வைத்துக்கொண்டது. தாம்பரத்தில் நாற்காலியருகே நிற்கும் வைத்தியர் எதைப் பின்பற்றுவது? விவேகமுள்ளவர் இருதய வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொள்கிறார். அதற்கும் முன்னே, நோயாளியின் விவரத் தாளில் 'இருதய நோய் உண்டா' என்று ஒரு கேள்வி இருந்தால் மட்டும் போதாது. உண்டென்று அறிந்தும் அதைப் பல்லோடு சம்பந்தப்படுத்தாமல் இல்லை என்று சொல்லிவிடும் ஜனங்கள் பலர். 'மூன்று வாரத்துக்கொரு தடவை ஊசி போட்டுக்கொள்கிறீர்களா?' என்று கேட்டால் பதில் சட்டென்று வருகிறது. அது பென்சிலின் ஊசி. அந்த ஊசியை நெடுநாளாகப் போட்டுக்கொள்பவரின் வாயில் பென்சிலினுக்குப் பணியாத கிருமிகள் வளர்ந்திருக்கக் கூடுமாதலால், அவருக்கு அமாக்ஸிசிலினுக்குப் பதில் வேறு வகை மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதும், அவ்வாறு மாற்றும்போது முன்பு வழக்கத்திலிருந்த கிளிண்டமைசினை 2021-ல் அமெரிக்க இருதயச் சங்கம் நீக்கிவிட்டது என்பதும் நெறியின் உட்பிரிவுகளில் உள்ளன. ஒரு நல்ல கேள்வியைத் தமிழில், நோயாளி பேசும் தமிழில், அமைத்துக்கொள்வது இத்தனை பக்கங்களையும் திறக்கும் சாவியாகிறது.

சட்டமே நெறிக்குக் குறுக்கே நிற்கும் வேடிக்கையும் உண்டு. பல் சொத்தையைத் தடுக்கப் பெரியவர்களின் பற்பசையில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1350 முதல் 1500 பங்கு வரை இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் நெறி சொல்ல, நம் நாட்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் 1000-க்கு மேல் கூடாது என்கின்றன. தர்மபுரி, சேலம் போன்ற ஜில்லாக்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பற்களைக் கறைப்படுத்தும் தேசத்தில் இப்படியொரு எச்சரிக்கை நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆறு மாதத்துக்கொரு முறை பல்லைக் காட்ட வேண்டும் என்ற பிரசித்தமான வாக்கியத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை: 2004-ல் நைஸ் அதைக் கைவிட்டு, பெரியவர்களுக்கு அவரவர் நிலையை அனுசரித்து 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை இடைவெளி வைக்கலாம் என்றது. வலி வந்தால் மட்டுமே படியேறும் நம்மவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நெறிகள் பேச்சளவில் நில்லாமல், நாற்காலியருகே உண்மையாகவே பழக்கமாக மாறிய சந்தர்ப்பங்களும் இவ்வட்டாரச் சரித்திரத்தில் இருக்கின்றன. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியம், பிற்காலத்தில் அரசாங்க நெஞ்சக நோய் மருத்துவமனையாகி, 1990-களில் எச்.ஐ.வி. தொற்றியவர்கள் வேறு போக்கிடமின்றி வந்து சேரும் இடமாயிற்று. இந்தியாவில் அத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டதும் 1986-ல் சென்னையிலேதான். அந்நோயின் அடையாளங்களில் பல வாயிலே முதலில் தெரிவதால், பல் வைத்தியர்கள் அதிலிருந்து ஒதுங்கி நிற்க முடியவில்லை. ராகாஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் எச்.ஐ.வி. சிகிச்சையில் ஈடுபட்ட ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தோடு சேர்ந்து 300 தென்னிந்திய நோயாளிகளின் வாயைப் பரிசோதித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. யாருக்குத் தொற்று உண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே எல்லோருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே பாவிக்க வேண்டும் என்ற அமெரிக்க நெறி 1987-ல் வந்தது. வெறுங்கையால் பல் பிடுங்கிய ஒரு தலைமுறை, கிளவுஸ் இல்லாமல் வாயில் விரல் வைக்காத தலைமுறையாக மாறியதற்குக் காரணம் அந்நெறியின் தர்க்கம் மட்டுமன்று. பயம் ஒரு பெரிய ஆசிரியராயிற்று.

2020-ல் கொரோனா வந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் மே 19-ஆம் தேதி பல் மருத்துவ நிலையங்களுக்கென்று வெளியிட்ட நெறி, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மூடி வைக்கவும், மற்ற இடங்களில் அவசரச் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ளவும், நீரைச் சிதறடிக்கும் கருவிகளை இயன்றவரை தவிர்க்கவும் சொல்லிற்று. இந்தியப் பல் வைத்திய சரித்திரத்தில் ஒரே நெறியை ஏறக்குறைய எல்லோரும் ஒரே சமயத்தில் படித்தது அநேகமாக அப்போதுதான். அதன் வாசகங்கள், கதவைத் திற, விசிறியை இப்படித் திருப்பு, நாற்காலியை இதனால் துடை என்று கைக்கு இட்ட கட்டளைகளாக இருந்தமையால், வைத்தியர் மட்டுமின்றி உதவிக்கு நிற்கும் பெண்ணும் அவற்றை அனுசரிக்க முடிந்தது.

கை தவறினால் என்ன ஆகும் என்பதைக் காண, இந்த இடத்தில், தாம்பரத்திலிருந்து வெகுதூரம் மேற்கே வாணியம்பாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் 21 பேருக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் உண்டாகும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் மூளையைத் தாக்கிய நிலையில் காணப்பட்டது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியிலுள்ள ஒரே பல் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து துப்புத் துலக்கி, 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டன. அந்நிலையத்தில் காயத்தைக் கழுவப் பயன்பட்ட சலைன் பாட்டில் ஒன்றில் அக்கிருமி இருந்தது. அறுவைச் சிகிச்சையில் ஈற்றை எலும்பிலிருந்து விலக்க உபயோகிக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, பின்பு தளர்வாக மூடி வைத்து, மறுபடி மறுபடி அதையே எடுத்தாண்டிருக்கிறார்கள்.

இதில் மீறப்பட்ட விதி நுணுக்கமானதோ புதியதோ இல்லை. அறுவைச் சிகிச்சையில் கிருமியற்ற திரவத்தையே உபயோகிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பல் மருத்துவத்துக்கென்று 2003-ல் வெளியிட்ட நெறியிலே தெளிவாக உள்ளது. அதற்கு வெகுகாலம் முன்பே பாடப்புத்தகங்களில் உள்ளது. அதை அறியாத பல் வைத்தியர் தமிழ்நாட்டில் ஒருவரும் இருக்க முடியாது. ஆனால் சிறு நிலையங்களில் பாட்டிலைத் திறக்கிறவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். புறநகர் நிலையங்களில் அந்த வேலையைச் செய்கிறவள், பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் பழகிய ஒரு பெண். தொலைபேசியை எடுப்பவளும் அவளே, தரையைத் துடைப்பவளும் அவளே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பல் வைத்தியருக்கும், பல் சுகாதாரவியலாளருக்கும், செயற்கைப் பல் செய்யும் மெக்கானிக்குக்கும் பதிவேடுகளை வகுத்தது. நாற்காலியருகே நின்று கருவியை எடுத்துக் கொடுக்கும் இவளுக்கு அதில் இடம் வைக்கவில்லை. அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு மீந்திருக்கும்போது அதைக் கொட்டுவது அவளுக்கு வீண் செலவாகத் தோன்றுகிறது. வீட்டில் சிக்கனம் கற்ற கைக்கு வேறு எப்படித் தோன்றும்? நூறு மில்லி சிறு பாட்டிலை வாங்கி நோயாளிக்கு ஒன்றாக உபயோகித்து எறிந்துவிடும் நிலையத்தில் இக்கேள்வியே எழுவதில்லை. நெறி அங்கே அறிவாக இல்லாமல், வாங்கும் பொருளின் அளவாகவே உள்ளே வந்துவிட்டது.

நீரின் கதையும் இத்தகையதே. பல்லைக் குடையும் கருவியின் வழியாக வரும் நீரில் மில்லிக்கு 500-க்கு மேல் கிருமித் தொகுதிகள் இருக்கலாகாது என்றும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 20 முதல் 30 விநாடி நீரை ஓட விட வேண்டும் என்றும் அதே 2003-ஆம் ஆண்டு நெறி கூறுகிறது. முடிச்சூரிலும் மேடவாக்கத்திலும் அந்நீர் எங்கிருந்து வருகிறது? ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, கோடையில் லாரியிலிருந்து, பிறகு எப்போது கழுவியது என்று வீட்டுக்காரருக்கே ஞாபகமில்லாத மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை மறந்தவர் இல்லை. மழைக்குப் பின் சேற்றிலும் தேங்கிய நீரிலும் பெருகுவது மெலியாய்டோசிஸ் கிருமியின் சுபாவம். நாற்காலியோடு தனிப் பாட்டில் பொருத்தி அதில் சுத்திகரித்த நீரை நிரப்பும் ஏற்பாடு உள்ள இடங்களில்கூட, பழைய நீரைக் கொட்டாமல் மேலே மேலே நிரப்புவது சகஜம்.

ஒரு நிலையத்தின் பின்னறையை இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால் இவ்விஷயம் இன்னும் தெளிவாகும். இரத்தம் காய்ந்துவிடாமலிருக்க ஊறப்போட்ட கருவிகளை அந்தப் பெண் பிரஷ்ஷால் தேய்த்து, உதறி, ஒரு புறம் காகிதமும் ஒரு புறம் கண்ணாடித் தாளுமான பவுச்சில் ஒவ்வொன்றாக இட்டு ஒட்டி, தேதி எழுதி, ஆட்டோகிளேவில் அடுக்குகிறாள். 121 டிகிரி வெப்பமும் அதற்குரிய அழுத்தமும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நடுவே மின்சாரம் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவள் அறிந்திருக்கிறாளா என்பதைப் பொறுத்தே நாளைக் காலை வரும் நோயாளியின் க்ஷேமம் இருக்கிறது. பவுச்சின் மேலுள்ள பட்டையின் நிறம் மாறியதும் அவள் திருப்தியோடு எடுத்து வைக்கிறாள். அந்த நிறம் சூடு பட்டது என்பதைத்தான் சொல்லும். கிருமி செத்தது என்பதைச் சொல்லாது. அதற்கு, எளிதில் அழியாத ஒரு வித்துக்கிருமி தடவிய தாளை உள்ளே வைத்தெடுத்து, பிறகு அது முளைக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். வாரம் ஒரு முறையேனும் அதைச் செய்க என்பது நெறி.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் இயற்றப்பட்டு, அதற்குரிய விதிகள் 2018-ல்தான் வந்தன. மருத்துவக் கழிவு விதிகள் 2016-லிருந்து நடப்பில் உள்ளன. பதிவுச் சான்றிதழையும் கழிவு எடுத்துச் செல்லும் ஒப்பந்தத்தையும் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டி வைப்பது இவற்றால் வழக்கமாகிவிட்டது; நன்றே. ஆனால் வித்துக்கிருமிப் பரிசோதனையை ஒற்றை நாற்காலி வைத்தியர் ஒருவர் தாமாக எப்படிச் செய்வார்? அமெரிக்காவில் தாளை உறையிலிட்டுத் தபாலில் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் புறநகரில் தபால்கூட வேண்டியதில்லை. பல் மருத்துவப் பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியல் கட்டாயப் பாடம். ஆகவே மேலே பெயர் சொன்ன கல்லூரிகளில் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதனங்களும் உண்டு. சேலையூரிலிருந்து பள்ளிக்கரணைக்கும், பெருங்களத்தூரிலிருந்து இரத்தினமங்கலத்துக்கும் பேருந்தில் போய் வந்துவிடலாம். தங்களிடம் படித்துப் போனவர்கள் நடத்தும் நிலையங்களின் ஆட்டோகிளேவை வாரந்தோறும் சோதித்துச் சொல்லும் பொறுப்பைக் கல்லூரிகள் மேற்கொண்டு, அந்த முடிவை வைத்தியரின் பெயருக்கு ஆங்கிலத்தில் அனுப்புவதோடு நில்லாமல், பின்னறையில் நிற்கும் பெண் படிக்கும்படி தமிழிலும் ஒரு வரி எழுதி அனுப்பினால், அவளுக்கும் தன் வாரக் கணக்கு தெரிய வரும். ஸ்காட்லாந்தின் வைத்தியர்களை அசைத்த படம் அப்படிப்பட்டதுதான். இங்கே அதைப் பெற வேண்டியவரின் விலாசம் மட்டும் வேறு.